எஸ்தர் டீச்சர் ஆதரித்த மசோதா

மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊர் பெருமாட்டியில், எங்கள் தோப்புக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை இருக்கிறது. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு நான் பத்திரிகை படிப்பது அங்கேதான். போன வாரம் முதல் பக்கத்தில் ஒரு செய்தி. அரசாங்கம் கொண்டுவரும் கண்காணிப்புச் சட்டம் ஒன்றில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இறங்கி வந்துவிட்டார்களாம். சில திருத்தங்களோடு ஆதரிக்கப் போகிறார்களாம். எதிரே உட்கார்ந்திருந்த பக்கத்துத் தோப்புக்காரர் வேலுச்சாமி பத்திரிகையை மடித்துப் போட்டார்.

"எல்லாம் உள்ளுக்குள்ள பேசி வெச்சுக்கறாங்க. வெளிய வந்து கத்தறது மட்டும் நமக்குங்க. ஏனுங்க நாச்சிமுத்து, நீங்க எம்.எல்.ஏ. ஆபீசுலயே இருந்தவரு, சொல்லுங்க பாக்கலாம்."

சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை வந்துவிட்டது, எழுந்து போய்விட்டார். பாதியில் நின்றுபோனதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

எனக்கு அரசு வேலை கிடைத்தது தமிழால். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் படித்தேன். தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்தவர்களுக்கென்று ஒதுக்கிய குமாஸ்தா வேலையில் சேர்ந்தேன். வில்லேஜ் ஆபீஸ், தாலுக்கா ஆபீஸ், பிறகு இடுக்கி மாவட்டம் என்று மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தேன். மலையில் தமிழ் தெரிந்த குமாஸ்தாவுக்கு வேலை ஓயாது. எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், மலையாளத்தில் வந்த நோட்டீசைப் படித்துப் பொருள் சொல்வதுமாக வருஷங்கள் போயின. அந்தப் பழக்கத்தினால்தான் மறையூரில் இருந்த எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு உதவியாளராக அனுப்பினார்கள். அப்போது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. எம்.எல்.ஏ.வுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவர் பெயர் எஸ்தர். தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, அதே எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருந்து, தேர்தலில் நின்று ஜெயித்தவர். சட்டசபையில் எதிர்க்கட்சி வரிசை. தொகுதியில் யாரும் அவரை எம்.எல்.ஏ. என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் டீச்சர்தான். எனக்கும் அப்படித்தான். அவர் என்னை அண்ணே என்பார்.

அலுவலகம் பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே. டீச்சர் மனு வாங்கும் விதம் மற்ற இடங்களில் நான் பார்த்தறியாதது. மனுவைக் கையில் வாங்கியதும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிடுவார். "பேப்பர் கெடக்கட்டும். நடந்தத சொல்லுங்க" என்பார். வந்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டார். அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் மனுவை நிமிர்த்திப் படிப்பார். படித்துவிட்டு பல நேரம் என் பக்கம் நீட்டுவார். "அண்ணே, இவங்க சொன்னது இதுல வரல." நான் புதிதாக எழுதுவேன்.

சட்டசபை வேலையிலும் இதே பிடிவாதம்தான். மசோதா நகல் வந்தால் பிரிவு பிரிவாகப் பென்சிலால் குறி போடுவார். திருத்தம் கொடுக்க வேண்டிய இடம் தெரிந்ததும், அதை முதலில் தமிழில் எழுதச் சொல்வார். பிறகு கீழே மருந்துக்கடையில் நிற்கிற யாரையாவது மேலே கூப்பிட்டு, நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்வார். கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் மலையாளத்துக்கு மாற்றலாம். இல்லையென்றால் மறுபடி தமிழ். முதல் தடவை எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சட்டம் யாரு மேல பாயப் போகுதோ அவங்களுக்கே புரியலேன்னா எப்படிண்ணே? ஆனா ஒண்ணு, உங்க ஊரு கொங்குப் பேச்சு 'ஆகாதுங்க'வ மட்டும் இதுல எழுதிராதீங்க."

நான் சொல்ல வந்த கண்காணிப்பு மசோதா வந்தது அவருடைய பதவிக்காலத்தின் நடுவில். அதற்கு முன்பே சோதனை முறையில் எல்லைச் செக்போஸ்டுகளிலும் பஸ் நிலையங்களிலும் முகத்தை அடையாளம் காணும் கேமராக்களை வைத்திருந்தார்கள். அதை மாநிலம் முழுக்கச் சட்டமாக்கப் போகிறார்கள். கேமரா ஒருவரை அடையாளம் காட்டினால் அதுவே அவரைப் பிடித்து வைக்கப் போதும். எடுத்த படங்களை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கைபேசி எங்கே இருக்கிறது என்பதைக் கோர்ட்டைக் கேட்காமலே போலீஸ் தெரிந்துகொள்ளலாம். குடியிருப்புகளிலும் கேமரா வைக்கலாம். அங்கே இருப்பவர்களைக் கேட்க வேண்டியதில்லை.

முதல் விவாதத்தில் டீச்சர் எழுந்து கடுமையாக எதிர்த்தார். தமிழில் பேச அவருக்கு அனுமதி உண்டு, தமிழிலேயே பேசினார். எங்கள் பக்கம் மொத்தமும் வெளிநடப்பு செய்தது. மலையில் அந்தப் பேச்சைக் கைபேசியில் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். மறையூரில் கரும்பாலை வைத்திருந்தவர்கள் வழியில் நிறுத்திக் கை கொடுத்தார்கள்.

கை கொடுத்தவர்களில் முருகேசனும் ஒருவர். கரும்புச்சாறு காய்ச்சி வெல்லம் பிடிக்கும் தொழிலாளி. சில மாதங்களுக்கு முன் மூணாறு போகப் பஸ் ஏறியவரை, சந்தனமரம் வெட்டியவன் முகத்தோடு ஒத்துப்போகிறது என்று கேமரா சொல்ல, வேறொரு ஊர் ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிறகு ஆள் மாறிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

"மரம் வெட்டுன அன்னிக்கு நான் ஆலையிலதான் நின்னேன். கூட வேல பாத்தவங்கள கேளுங்கன்னு கையெடுத்துக் கும்புட்டேன்" என்று அவர் டீச்சரிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மெஷினே சொல்லிருச்சுன்னாங்க. வெளிய விட்டப்புறமும் பாருங்க டீச்சர், ஆலையில யாராச்சும் சந்தனத்தப் பத்திப் பேசிட்டு இருந்தா, நான் உள்ள வந்ததும் பேச்ச மாத்திருவாங்க. ஒருத்தரும் என்னைய ஒண்ணும் சொல்லல. அதான் தாங்க முடியல."

சட்டசபையில் டீச்சர் பேசியதில் பாதி முருகேசன் சொன்னதுதான். பெயரை மட்டும் சொல்லவில்லை.

வெளிநடப்பு செய்து ஊர் திரும்பிய வாரமே ஞானம்மா என்ற எஸ்டேட் தொழிலாளி அலுவலகத்துக்கு வந்தார். கையில் மனு எதுவும் இல்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"டீச்சர், கேமரா வேணாம்னு பேசுனீங்களாமே."

"ஆமாக்கா."

"எம்புள்ள ஜெபா கெடச்சதே அந்தக் கேமராவுலதான்."

ஜெபா பதினாறு வயதுப் பெண். மில்லில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாரோ ஒரு ஏஜென்ட் வீட்டுக்குச் சொல்லாமல் காரில் கூட்டிப் போயிருக்கிறான். செக்போஸ்டு கேமராவில் அவள் முகம் தெரிந்ததால் எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று தெரிந்து, உடுமலைக்கு முன்னாலேயே மடக்கிவிட்டார்கள். "ஒரு மணி நேரம் தாமதமாயிருந்தா எம்புள்ள எங்கன போயிருப்பாளோ" என்றார் ஞானம்மா. "நீங்க படிச்சவங்க, எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வீங்க. ஆனா என்னைய நெனச்சுப் பாத்தீங்களா?"

டீச்சர் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். ஞானம்மாவையும் முருகேசனையும் ஒரே நேரத்தில் அலுவலகத்துக்கு வரச் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. "வேண்டாங்க டீச்சர். சண்டை வந்துருமுங்க" என்றேன். "வரட்டும்ணே. சட்டசபையில நடக்கறதவிட இங்க ஒழுங்கா நடக்கும்" என்றார்.

இரண்டு பேரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஒருவர் கதையை மற்றவரிடம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் முருகேசன்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, உங்க பொண்ணு கெடச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். அதுக்காக என்னையக் கொண்டுபோய் வச்சிருக்கணுமா?"

"உங்களப் புடிக்கச் சொல்லி நான் சொல்லலியேய்யா. எம்புள்ள போன வழி தெரியணுமா இல்லையா?"

"தெரியணும். ஆனா டீச்சர் வேணாம்னு பேசிட்டாங்க. அதுலயே நிக்கணும். ஒரு எழுத்து எறங்கக் கூடாது."

"அப்ப நாளைக்கு இன்னொருத்தி புள்ளயக் கூட்டிட்டுப் போனா?"

முருகேசன் குனிந்து தரையைப் பார்த்தார். "எனக்கும் பொண்ணு இருக்குக்கா" என்றார். ஆனாலும் தன் பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. போகும்போது டீச்சரிடம் மறுபடியும் சொன்னார்: "எறங்கிராதீங்க டீச்சர்."

அதன் பிறகு மசோதா சட்டசபைக் குழுவுக்குப் போனது. குழுவில் எங்கள் பக்கம் டீச்சரோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும், முதலில் பேசியவர் என்பதால், டீச்சர் என்ன சொல்கிறார் என்று பார்த்திருந்தார்கள். நாங்கள் நான்கு திருத்தங்கள் தயார் செய்திருந்தோம். ஒன்று, கேமரா காட்டியதை மட்டும் வைத்து யாரையும் பிடித்து வைக்கக் கூடாது. அதிகாரி முதலில் அந்த ஆள் இருக்கும் இடத்துக்கு நேரில் போய், அவரைத் தெரிந்தவர்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். இரண்டு, குற்றத்தோடு சம்பந்தமில்லாதவர்கள் படத்தைக் குறிப்பிட்ட காலத்தில் அழிக்க வேண்டும். மூன்று, கைபேசி விவரத்துக்குக் கோர்ட்டு அனுமதி வேண்டும். நான்கு, குடியிருப்பில் கேமரா வைப்பதானால் கிராமசபை சம்மதிக்க வேண்டும். நான்கையும் மருந்துக்கடை வாடிக்கையாளர்களிடம் படித்துக் காட்டிச் சரிசெய்து வைத்திருந்தேன்.

அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருந்தது. எங்கள் ஓட்டு இல்லாமலே நிறைவேற்றலாம். ஆனால் மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சருக்கு ஒருமனதாக நிறைவேறியது என்ற பெயர் வேண்டியிருந்தது. குழு கூடுவதற்கு முன் டீச்சரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: நான்கில் ஒன்றை ஏற்கிறோம், எது என்பதை நீங்களே சொல்லுங்கள், பதிலுக்கு எதிர்க்காமல் ஆதரிக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் எம்.எல்.ஏ. விடுதியின் கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பேசினோம். டீச்சர் நான்கு தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்தார்.

"எதைண்ணே கேக்கலாம்?"

"படத்தை அழிக்கறதைக் கேளுங்க டீச்சர். அது எல்லாத்துக்கும் பொதுவானதுங்க. இன்னிக்கு எடுத்து வெச்ச படத்தை நாளைக்கு எவன் எதுக்கு எடுப்பான்னு யாருக்குங்க தெரியும்?"

"நீங்க சொல்றது சரிதான்." முதல் தாளின் மேல் விரலை வைத்தார். "ஆனா படம் பெட்டிக்குள்ள கெடந்தா ஒரு ஆளு ராத்திரி ஊட்டுக்குப் போகாம இருக்க மாட்டான். புடிக்கிற கைய நிறுத்துனாத்தான் அவன் ஊடு போய்ச் சேருவான். முதல்ல அது."

'ஊடு' என்பது எங்கள் கொங்கு வார்த்தை. என்னோடு பழகிப் பழகி அவர் வாயிலும் வந்துவிட்டது.

"ஆதரிக்காம வெளியில வந்துட்டா பேரு கெடாதுங்களே" என்றேன்.

"கெடாது. நாலும் கெடைக்காது." முதல் தாளை மட்டும் எடுத்து என்னிடம் தந்தார். மற்ற மூன்றையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். சாப்பாடு வந்தது, அவர் சாப்பிடவில்லை.

மசோதா நிறைவேறிய அன்று அதிகாரிகள் உட்காரும் மாடத்தில் இருந்தேன். முதல் திருத்தத்தை அமைச்சர் ஏற்றார். அதன் பிறகு டீச்சர் எழுந்தார்.

"இதை வேண்டாம் என்று நான் இதே இடத்தில் பேசினேன். அன்று பேசியதை வாபஸ் வாங்கவில்லை. என்னுடைய மூன்று திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. அவை என்ன என்று இந்தச் சபையின் பதிவில் இருக்க வேண்டும். அதனால் படிக்கிறேன்" என்று சொல்லி, மூன்றையும் நாங்கள் மறையூரில் எழுதிய அதே தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு, "ஏற்ற ஒன்றுக்காக ஆதரிக்கிறேன்" என்றார். ஆளுங்கட்சி வரிசையில் மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் முகம் சுருங்கியதை மாடத்திலிருந்தே பார்த்தேன்.

ஊரில் வரவேற்பு நன்றாக இல்லை. பஜார் சுவரில் அவரைக் கேலி செய்து போஸ்டர் ஒட்டினார்கள். ஒட்டியவர்களில் டீச்சரின் கட்சிப் பையன்களும் உண்டு. கட்சிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எவ்வளவுக்கு விலை போனார் என்று கேட்டார். டீச்சர் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார். அதெல்லாம் அவரை அசைக்கவில்லை. எதிரே வந்த முருகேசன் எங்களைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார் பாருங்கள், அதுதான் டீச்சரை அசைத்தது.

விட்டுக்கொடுத்ததன் விலையும் வந்து சேர்ந்தது. எஸ்டேட் லயங்களில் கேமரா வைத்தார்கள். ஒருநாள் ஜெபா, கேமராவால் கிடைத்த அதே பெண், தன் தோழிகளோடு அலுவலகத்துக்கு வந்தாள். இந்தத் தடவை மனு இருந்தது. டீச்சர் வழக்கம்போலக் கவிழ்த்து வைத்தார்.

"பைப்பு பக்கம் பாத்து வச்சிருக்காங்க டீச்சர். நாங்க குளிக்கிற எடம். சொன்னா, உங்க பாதுகாப்புக்குத்தானேங்கறாங்க."

டீச்சர் அவர்களோடு அப்போதே கிளம்பினார். நானும் போனேன். அதிகாரிகளை அங்கேயே வரவழைத்து, குழாயடியில் நின்று, "இங்க நின்னு நீங்க குளிப்பீங்களா சார்?" என்று கேட்டார். கேமராவின் முகம் அன்றே சாலைப் பக்கம் திரும்பியது. திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "நாலாவது திருத்தம் இருந்திருந்தா இந்தப் புள்ளைக வந்து கெஞ்ச வேண்டியிருக்காதுண்ணே." அதன் பிறகு விட்டுப்போன மூன்றையும் தனிநபர் மசோதாவாக எழுதி, கூட்டத்தொடர் தவறாமல் கொடுத்தார். ஒருமுறைகூட விவாதத்துக்கு எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் புதிதாகத் தட்டச்சு செய்தேன். அலுத்துக்கொள்ளாமல் செய்தேன் என்பதில் எனக்கு இன்றும் ஒரு திருப்தி உண்டு.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். கரும்பு வெட்டும் காலம். முருகேசன் அலுவலகப் படியேறி வந்தார். வெகுநாளாக எங்களோடு பேசாதவர். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார்.

"மறுபடி எம்மூஞ்சியக் காட்டிருச்சு டீச்சர்."

டீச்சர் எழுந்துவிட்டார். "எங்க வச்சிருந்தாங்க?"

"வைக்கல. ஆலைக்கே வந்தாங்க. ஒரு எஸ்.ஐ.யும் இன்னொருத்தரும். கொப்பரையில சாறு கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. நான் துடுப்ப விட்டுட்டு வர முடியாதுன்னேன். சரி, கிண்டிக்கிட்டே சொல்லுன்னாங்க. கூட இருந்தவங்களையும் கேட்டாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, அன்னிக்கு நான் ஆலையிலதான்னு. எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கூட்டாளிக என் பக்கம் நின்னு பேசுனாங்க டீச்சர். போன தடவ யாரும் அவங்களக் கேக்கவேயில்ல. இந்தத் தடவ கேட்டாங்க. இப்ப சந்தனத்தப் பத்தி எம்முன்னாலயே பேசறாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. வந்தாங்கள்ல? நான் ஒண்ணும் செய்யாமலே ரெண்டாவது தடவ வந்தாங்கள்ல? அதுக்கு நீங்களும் சேந்துதானே கை தூக்குனீங்க."

"ஆமாங்க. தூக்குனேன்" என்றார் டீச்சர்.

முருகேசன் டீ குடித்துவிட்டுப் போனார். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. என் கையால் தமிழில் எழுதி, மருந்துக்கடைக்கு வந்த ஒரு பாட்டரி ரிப்பேர்காரரிடம் படித்துக் காட்டி, மலையாளத்துக்கு மாற்றிய ஒரு வாக்கியம், ஒரு ஆளை அவன் கொப்பரை முன்னாலேயே நிற்க விட்டிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்துக்காக எழுதியிருக்கிறேன். எழுதியது போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். அதைப் பார்க்க வைத்ததற்கு டீச்சருக்கும், இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று படியேறி வந்த முருகேசனுக்கும் நான் கடன்பட்டவன்.

அடுத்த தேர்தலில் டீச்சர் தோற்றார். கட்சி தயங்கித் தயங்கித்தான் சீட் கொடுத்தது. வேலை செய்ய ஆள் குறைவு. வித்தியாசம் அதிகமில்லை என்றாலும் தோல்வி தோல்விதான். முடிவு வந்த சில நாளில் அலுவலகத்தைக் காலி செய்தோம். பெஞ்சையும் அலமாரியையும் கீழே இறக்க, சொல்லாமலே முருகேசன் வந்து நின்றார். ஞானம்மாவும் ஜெபாவும் கூட்டிப் பெருக்க வந்திருந்தார்கள். பெஞ்சை ஒரு பக்கம் முருகேசனும் மறுபக்கம் நானும் பிடித்துப் படியில் இறக்கினோம்.

வேலை முடிந்ததும் முருகேசன் டீச்சர் முன்னால் போய் நின்றார். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சிக்கிட்டு உங்க மூஞ்சியில முழிக்க முடியல. இந்த எலக்சன்ல நான்..."

டீச்சர் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்லாதீங்க."

"இல்ல டீச்சர், சொன்னாத்தான் எனக்கு..."

"வேண்டாம் முருகேசன். ஓட்டுப் போடற எடத்துல, திரைக்கு அந்தப் பக்கம் நீங்க என்ன செஞ்சீங்கன்னு எந்தக் கேமராவும் பாக்கல. நானும் பாக்க வேண்டாம். அது ஒண்ணாவது உங்களுக்கே இருக்கட்டும்."

முருகேசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கீழே இறக்கிய பெஞ்சை ஜீப்பில் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்.